பெரிய பம்பு போட்டால் சரியாகிவிடுமா?

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டிய வண்டி ஒன்றை பெங்களூரில் வைத்துக்கொண்டு, "ஐயாயிரம் ஆர்பிஎம் தாண்டினா இழுக்க மாட்டேங்குது" என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். நாலு பேரும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். "பம்பு பத்தலை சார், 255 போட்டுடுங்க." பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

255 என்றால் மணிக்கு 255 லிட்டர் தள்ளக்கூடிய, டாங்கிக்குள் உட்காரும் பெட்ரோல் பம்பு. நல்ல சாமான்தான், தேவைப்படுகிற வண்டிக்கு. பாதி விலையிலும் சந்தையில் கிடைக்கிறது. பாதி விலையில் கிடைப்பது என்ன சரக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் அதே யோசனையைத்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் எளிது. என் வண்டி பெங்களூரில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வேலூர்ப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போகும்போது, கிருஷ்ணகிரி தாண்டிய பிறகுதான் திணறும். லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தால் 5,000 ஆர்பிஎம் வரை போகும், அங்கே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிடும். திரும்பி ஓசூர் ஏறி வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பம்பு பத்தவில்லை என்றால் இங்கேயும் பத்தக் கூடாதே?

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். பழைய ஜப்பானிய செடான், 1.8 லிட்டர். பெயரைச் சொல்லப் போவதில்லை. வண்டியை உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு எனக்கும் தெரியும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி அழுத்திச் சொன்னதும் தெரியும். முந்தைய உரிமையாளர் இதில் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒன்றை மாட்டியிருந்தார். ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இந்தியானாவில் அந்தக் கருவிக்கு 1860-இல் காப்புரிமை வாங்கியபோது கார் என்ற ஒன்றே கிடையாது. உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதப் பயன்பட்ட சாதனம் அது. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றும்; ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று கணக்காக அள்ளித் தள்ளும். இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட் அதைச் சுற்றுகிறது. கேள்வி கேட்காத வேலைக்காரன். ஆர்பிஎம் ஏற ஏற காற்று ஏறிக்கொண்டே போகும், பெட்ரோல் வருகிறதா இல்லையா என்று அதற்குக் கவலை இல்லை.

இங்கேதான் ஊர் வந்து நுழைகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 0.91 பார் அளவுதான். ஓசூர் வரை பெரிய வித்தியாசம் கிடையாது. சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது 500 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறோம். வேலூர் 215 மீட்டர் சொச்சம். அங்கே அழுத்தம் 0.99 பாரை நெருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே கொள்ளளவு காற்றைத்தான் சூப்பர்சார்ஜர் அள்ளுகிறது, ஆனால் அந்தக் காற்று கனமானது. கணக்குப்படி 9 சதவீதம் அளவுக்குக் கூடுதல். வேலூர் வெயில் அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், சூடான காற்று லேசானது என்பதால். விடிகாலையில் போனால் அந்தக் கழிவும் குறைவு. வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ளே ஏறும் அழுத்தம்தான் பூஸ்ட். பெங்களூரில் 0.4 பார் காட்டிய என் பூஸ்ட் மீட்டர் ஆம்பூர் பக்கத்தில் 0.45-ஐத் தொடும். காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பெங்களூருக்குள் யார் முழு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள்? சில்க் போர்டு ஜங்ஷனில் பூஸ்ட் மீட்டர் முள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆக, வண்டி இங்கே நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்ததற்கு அர்த்தம், இங்கே அதற்குப் பரீட்சையே வைக்கவில்லை என்பதுதான்.

சும்மா திணறுகிறது, மெதுவாகப் போகலாம் என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல இது. பூஸ்டில் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, குளிர்விப்பானும்கூட. சாதாரண ஓட்டத்தில் காற்று-எரிபொருள் விகிதம் லாம்டா 1-ஐ ஒட்டி இருக்கும் (பெட்ரோல் முழுதாக எரியச் சரியாகத் தேவைப்படும் காற்று என்றால் 1; பெட்ரோல் கூடினால் எண் குறையும்). பூஸ்டில் 0.80 அளவுக்கு ரிச்சாக வைப்பார்கள். அங்கே பெட்ரோல் குறைந்து லீன் ஆனால் உள்ளே சூடு ஏறும், நாக்கிங் (நேரம் தவறி எரிவதால் வரும் தட்டல்) வரும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவதற்கு நிறைய நேரம் தேவையில்லை. நாக்கிங் சத்தம் சூப்பர்சார்ஜரின் விசில் சத்தத்தில் காதில் விழாமலும் போகலாம். கம்பெனி கொடுக்கும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பார்க்க உதவாது. 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். லாம்டாவை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும். சூப்பர்சார்ஜர் வைத்திருக்கிறேன், வைட்பேண்ட் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நீலசந்திராவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். திருப்பத்தூர்க்காரர், கார்புரேட்டர் காலத்திலிருந்து பெட்ரோலோடு மல்லுக்கட்டுகிறவர். கதையைச் சொன்னதும் அவர் பம்பைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, ப்ரஷர் விழுதா, விழாம லீன் ஆகுதா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பூஸ்டில் லீன் ஆகும்போது இன்ஜெக்டர்களுக்கு (பெட்ரோலை இன்ஜினுக்குள் தூவும் முனைகள்) பெட்ரோல் கொண்டுபோகும் ரெயில் குழாயில் அழுத்தம் விழுந்தால், குற்றவாளி பின்பக்கம்: டாங்கி, உறிஞ்சும் இடத்து வலை, பம்பு, பம்புக்குப் போகும் கரண்ட், ஃபில்டர், நசுங்கிய ஹோஸ், அழுத்தத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டர். அழுத்தம் நின்றபடி நின்று லீன் ஆனால் குற்றவாளி முன்பக்கம்: இன்ஜெக்டர், எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியுவில் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) டியூன் செய்து எழுதிய மேப், காற்றை அளக்கும் சென்சார். இந்த ஒரு அளவை எடுக்காமல் சாமான் வாங்குவது, எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியாமல் சுவர் முழுக்கப் பூசுகிற வேலை.

அதற்கு முன் வேறொரு கடையில் கேஜ் மாட்டிப் பார்த்திருந்தார்கள். ஐடிலில் பார்த்துவிட்டு, "ப்ரஷர் சூப்பரா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். ஐடிலில் அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும். அப்போது இன்ஜின் குடிப்பது சொட்டுச் சொட்டாகத்தானே. நடுராத்திரி அபார்ட்மெண்ட் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை என்று சொல்வதைப் போன்றது அது. காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஷவர் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

ஐடிலில் கேஜ் மாட்டினால் பார்க்க வேண்டியது வேறு. என் வண்டியில் ரெகுலேட்டர் ரெயிலின் முனையில் இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ரப்பர் ட்யூப் அதற்கு வருகிறது. அந்த ட்யூபைக் கழற்றினால் 3.0 பார் காட்ட வேண்டும். மாட்டினால், மேனிஃபோல்டின் வேக்குவம் இழுப்பதால் 2.5 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ட்யூபில் விரிசல். அந்த விரிசல் இருந்தால் பூஸ்ட் ஏறும்போது அழுத்தமும் ஏறாது. 0.4 பார் பூஸ்டுக்கு ரெயிலில் 3.4 வந்தால்தான் இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் நிற்கும். புது வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே இருக்கும், திரும்பிப் போகும் குழாய் கிடையாது, பூஸ்ட் ஏறுவது அதற்குத் தெரியவும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் சூப்பர்சார்ஜரை மட்டும் மாட்டினால், எதிரே பூஸ்ட் தள்ளத் தள்ள இன்ஜெக்டர் கொடுப்பது குறைந்துகொண்டே வரும். என் வண்டியில் முந்தைய ஆள் அதை மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தார். அந்தப் புண்ணியவானுக்கு நன்றி.

ட்யூப் நன்றாக இருந்தது. அடுத்து டைனோ, அதாவது வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டிப் பார்க்கும் மேடை. கேஜை நீள ஹோஸில் இணைத்து, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார் மெக்கானிக் அண்ணன். "உள்ளே வெச்சுக்கலாமே அண்ணே, பார்க்க ஈஸி" என்று டைனோ பையன் கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையிலேயே அவன் அடங்கிவிட்டான். பெட்ரோல் இருக்கும் ஹோஸ் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது.

பெங்களூர்க் காற்றிலேயே குட்டு வெளிப்பட்டது. 4,500 வரை 3.4 அசையாமல் நின்றது. 5,500-இல் 3.0. பூஸ்ட் 0.4-ஐக் கழித்தால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 2.6 பார்தான். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் 7 சதவீதம் அளவுக்குக் குறையும். வைட்பேண்டும் 0.80-ஐ விட்டு லீன் பக்கம் நகர்ந்து அதை ஆமோதித்தது. இரண்டு மீட்டரும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். இங்கே இந்த அளவு லீன் என்றால் உடம்புக்குத் தெரியாது. கீழே இறங்கி, கனமான காற்றும் சூடான பெட்ரோலும் சேர்ந்தால் தெரியும்.

அழுத்தம் விழுகிறது. ஆக, பின்பக்கம். அப்போதும் பம்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. எவ்வளவு பெட்ரோல் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூப்பர்சார்ஜ் செய்த இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்பது டியூன் செய்பவர்கள் வைத்திருக்கும் வழக்கமான கணக்கு. என் வண்டி 190 குதிரைத்திறன் அளவு. 51 கிலோ சொச்சம். லிட்டரில் மாற்றினால் 70. கொஞ்சம் கூட்டியே வைத்தாலும் 75, 80 லிட்டர். 255 எதற்கு? கம்பெனியில் வந்த பம்பே அதன் முழு வோல்டேஜில் இதைத் தாண்டிக் கொடுக்க வேண்டிய ரகம்.

"முழு வோல்டேஜ்" என்பதில்தான் விஷயம். டாங்கிக்குள் இருப்பது ஒரு சாதாரண டிசி மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்போது, ஓட்டம் வேகத்தைவிட இன்னும் மோசமாகக் குறையும். அண்ணன் பின் சீட்டைத் தூக்கி, பம்புக்கு ஒயர் இணையும் கப்ளரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனைகளைச் செருகினார். பேட்டரியில் 14.1 வோல்ட். ஐடிலில் பம்பில் 11.8. மறுபடி டைனோவில் பூஸ்டுக்குப் போனபோது 10.9. வழியில் 3.2 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த இடம். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பம்பின் எர்த் பின்னில், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது. நியாயமாகப் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அரை வோல்ட் தாண்டினாலே கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். வந்தது 1.3. பின் சீட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் பெயிண்டுக்கும் வாஷருக்கும் நடுவில் துரு. மிச்சம் 1.9 பாசிட்டிவ் பக்கம். அதில் பெரும்பங்கு டாங்கி மூடியின் மேலிருக்கும் கப்ளரில். கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. சூடானால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடினால் மோசமாவதும், ஊருக்குள் சும்மா இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இப்போது அந்த 255-ஐ நினைத்துப் பாருங்கள். கம்பெனி பம்பைவிட அது அதிகம் ஆம்பியர் இழுக்கும், இரட்டிப்பாகக்கூட இருக்கலாம். அதே உருகிய கப்ளர் வழியாக, பெட்ரோல் டாங்கியின் மூடிமேல். வண்டி முதல் வாரம் நன்றாக இழுத்திருக்கும், எல்லோரும் "சொன்னேன்ல" என்றிருப்பார்கள். அதற்கப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சரிசெய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல 20 ஆம்பியர் ஃப்யூஸ், பின்னால் ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் தட்டிவிடும் சுவிட்ச்). ரிலேயின் எண் போட்ட முனைகளில் பேட்டரி ஒயர் 30-இல், பம்பு 87-இல். பம்புக்கு முன்பு வந்துகொண்டிருந்த பழைய ஒயர் இனி ரிலேயைத் தட்டிவிட மட்டும், 86-இல், 85 எர்த். பாடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புது எர்த். புதுக் கப்ளர். சில பேர் பம்பை நேராக சாவியோடு இணைத்துவிடுகிறார்கள், அது ஆகாது. இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்துவது ஈசியுவின் வேலை. அந்தக் கட்டுப்பாட்டை அறுத்துவிட்டால், விபத்தில் ஹோஸ் அறுந்த பிறகும் பம்பு பெட்ரோலை வெளியே ஊற்றிக்கொண்டே இருக்கும். டாங்கி திறந்திருந்தபோதே உறிஞ்சும் வலையையும் மாற்றினோம்; பழையது கறுத்திருந்தது, ஆனால் அடைத்திருக்கவில்லை. பம்பு அதே கம்பெனி பம்பு.

பம்பில் 13.6 வோல்ட். 6,000 வரை 3.4 அசையவில்லை.

ஆனால் லாம்டா 0.80-க்கு வரவில்லை, 0.83-இல் நின்றது. அழுத்தம் சரி, ஆனாலும் லீன். அண்ணன் கேட்ட கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வந்துவிட்டோம்.

இதற்குக் காரணம் வண்டிக்குள் இல்லை. 2023 பிப்ரவரியில், இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இப்போது பங்கில் நமக்குக் கிடைப்பது அதுதான். என் வண்டியின் மேப் அதற்குப் பல வருடம் முன்னால் எழுதியது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 10 சதவீதம் கலந்தால் 14.1 சுமார், 20 சதவீதம் கலந்தால் 13.5 சுமார். 10-இலிருந்து 20-க்கு மாறினால், அதே காற்றுக்கு முன்பைவிட 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். மெதுவாக ஓடும்போது ஈசியு சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது. என் வண்டியின் ஃப்யூவல் ட்ரிம், அதாவது அந்தத் திருத்தத்தின் அளவு, கூட்டல் பக்கமே நின்றது அதனால்தான். முழு ஆக்ஸிலேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, மேப்பில் எழுதியிருப்பதைத்தான் ஊற்றும்.

இ20-ஐத் திட்டுவது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டுகிறது, ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கிறது, பூஸ்ட் இன்ஜினுக்கு அது வரம். ஆனால் பழைய ரப்பர் ஹோஸுக்கும், அடியில் தண்ணீர் தேங்கிய டாங்கிக்கும் அது எமன். மேப்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஏற்றபடி இருந்தால் வரம், இல்லாவிட்டால் லீன்.

மேப்பில் 4 சதவீதம் கூட்டினால் முடிந்தது என்று நினைக்கலாம். இன்ஜெக்டருக்கு நேரம் இருக்க வேண்டுமே. 6,000 ஆர்பிஎம்மில் இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்ற 20 மில்லிசெகண்ட். இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் மொத்த நேரமும் அவ்வளவுதான். அதில் 17 வரை திறந்திருப்பது, அதாவது 85 சதவீதம், நல்லது. அதற்கு மேல் போகப் போக ஒழுங்காக மூடித் திறக்க அவகாசம் இருக்காது. எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பது கணக்கில் அடங்காது. என்னுடையவை நிமிடத்துக்கு 350 சிசி ஊற்றும் இன்ஜெக்டர்கள், பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி 17-இல் நின்றவை. இ20-க்காகக் கூட்டினால் 17.7. வேலூர்க் காற்றையும் சேர்த்தால் 18.5 தாண்டும்.

இரண்டு வழி இருந்தது. 440 சிசி இன்ஜெக்டர் போட்டு மேப்பை முதலிலிருந்து எழுதுவது ஒன்று. சூப்பர்சார்ஜர் புல்லியைக் கொஞ்சம் பெரிதாக்கி பூஸ்டைக் குறைப்பது இன்னொன்று. சின்ன புல்லி என்றால் வேகமாகச் சுற்றும், அதிக பூஸ்ட்; பெரியது என்றால் குறைவு. இன்ஜெக்டர்தான் "சரியான" வழி என்று டைனோ பையன் வாதாடினான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பத்து குதிரைத்திறனை விட்டுக்கொடுத்தால் இன்ஜெக்டர், பம்பு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போகிற வண்டிக்கு அந்தப் பத்து எதற்கு?

பீன்யாவில் ஒரு லேத்தில் புல்லி கடைந்து வாங்கினோம். மேப்பில் இ20-க்கான 4 சதவீதத்தைக் கூட்டினார்கள். புல்லி பெரிதானதால் பழைய பெல்ட் எட்டவில்லை. ஒரு சைஸ் நீளமான 6பிகே பெல்ட்டை ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கினேன். இப்போது வாணியம்பாடி தாண்டியும் 0.80-ஐ ஒட்டியே நிற்கிறது. கோடையில் மத்தியான நேரத்தில், டாங்கி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. பெட்ரோல் குறைந்தால் பம்பும் சூடாகும், வளைவில் உறிஞ்சும் இடம் வெளியே தெரியவும் வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் பார்க்க வேண்டும்.